பழைய கணினி இயங்க மறுக்கிறது: மதர்போர்டைக் குறை சொல்வதற்கு முன்

விசுவமடுவுக்கு உட்புறமாக உள்ள ஒரு கிராமத்திலிருந்து, கமக்காரர் அமைப்பின் செயலாளராக இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமைப்புக் கட்டடத்தில் உள்ள பழைய டெஸ்க்டொப் கணினி, இடியும் மழையுமாக இருந்த ஓர் இரவுக்குப் பிறகு இயங்கவில்லை. பொத்தானை அழுத்தினால் விசிறி சுழலவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் பெட்டியின் பக்கத் துளைகளால் பார்த்தால் உள்ளே சிறிய பச்சை விளக்கு ஒன்று எரிகிறது. நகரத்தில் ஒரு கடைக்காரர் பெட்டியைத் திறக்காமலே "மதர்போர்ட் போய்விட்டது, வேறு கணினி எடுங்கள்" என்று சொல்லிவிட்டார். உறுப்பினர் பட்டியலும் உர விநியோகக் கணக்கும் கூட்டக் குறிப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன.

தம்பி, முதலில் கணக்குகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கவலை அதுதான் என்று தெரிகிறது. எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பிரதான பலகையான மதர்போர்டில் அவை இல்லை, கோப்புகளைச் சேமித்து வைக்கும் ஹார்ட் டிஸ்கில் இருக்கின்றன. மதர்போர்ட் உண்மையிலேயே எரிந்திருந்தாலும் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் தப்பியிருக்கும். அதைக் கழற்றி இன்னொரு கணினியில் பொருத்தியோ, யூஎஸ்பி மாற்றி ஒன்றின் மூலமோ கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். டெஸ்க்டொப்பில் வரும் மூன்றரை அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தேவை. ஆகவே தனி அடப்டர் உள்ள மாற்றியாகப் பார்த்து வாங்க வேண்டும். மடிக்கணினி டிஸ்குக்கென்று விற்கும் சிறிய வயர் இதற்குப் போதாது. யாரிடம் திருத்தக் கொடுத்தாலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் கொடுங்கள். திருத்துவதாகச் சொல்லி டிஸ்கை போர்மற் செய்து, அதாவது உள்ளே இருப்பதை அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் திருப்பித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு அழுது பயனில்லை.

இனி அந்தப் பச்சை விளக்கு. நீங்கள் எழுதியதில் மிகவும் பயனுள்ள தகவல் அதுதான். 1995க்குப் பிறகு வந்த ஏடிஎக்ஸ் வகைக் கணினிகளில், பொத்தானை அழுத்தாத நேரத்திலும், சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை 5 வோல்ட்டை மதர்போர்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதை அறிந்துகொள்வதற்கே மதர்போர்டுக்கு அந்த மின்சாரம் வேண்டும். பல மதர்போர்டுகளில் அது வந்துகொண்டிருப்பதைக் காட்டத்தான் இந்த விளக்கு. அப்படியென்றால் சுவர்ப் பிளக், வயர், பவர் சப்ளைக்குள் இருக்கும் பியூஸ் ஆகியவை வேலை செய்கின்றன. பவர் சப்ளையின் ஒரு பகுதியாவது உயிரோடு இருக்கிறது. சந்தேகத்துக்கு எஞ்சியிருப்பவை முன்பக்கப் பொத்தான், பவர் சப்ளையின் பிரதான பகுதி, ராம் எனும் தற்காலிக நினைவகப் பலகை, எங்காவது ஒரு ஷோட் (மின்சாரம் தவறான குறுக்குப் பாதையில் பாய்வது), கடைசியாகத்தான் மதர்போர்ட். இத்தனை இருக்க, பெட்டியைத் திறக்காமல் தீர்ப்புச் சொன்னது நியாயமில்லை. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் குளத்துத் துரிசிலிருந்து வாய்க்கால் வழியே பார்த்துக்கொண்டு வருவீர்களே, அதே ஒழுங்கில்தான் இதையும் பார்க்க வேண்டும்.

பச்சை விளக்கும் எரியாத கணினி வைத்திருப்பவர்கள் இன்னும் ஒரு படி பின்னால் தொடங்க வேண்டும். கணினியை யூபிஎஸ்ஸிலிருந்தும் எக்ஸ்ரென்ஷன் வயரிலிருந்தும் பிரித்து, நேரே சுவர்ப் பொயின்ற்றில் போட்டுப் பாருங்கள். யூபிஎஸ்ஸுக்குள் இருக்கும் 12 வோல்ட் பற்றறி சில வருடங்களில் செத்துவிடும். செத்த பற்றறியுடன் சில யூபிஎஸ்கள் இயங்கவே மாட்டா, பழி கணினிமீது விழும். மூன்று சதுரக் கால் பிளக்கினுள்ளே ஒரு பியூஸ் இருக்கிறது, அதையும் மறக்க வேண்டாம். மொனிற்றருக்கும் கணினிக்கும் பெரும்பாலும் ஒரே வகை வயர்தான். இரண்டையும் மாற்றிப் போட்டால் வயர் நல்லதா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பவர் சப்ளையின் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும். பழையவற்றில் அதன் அருகே 115, 230 என்று இலக்கமிட்ட சிவப்புச் சுவிட்ச் ஒன்றும் இருக்கும். அது எப்போதும் 230இல் நிற்க வேண்டும். தூசி துடைக்கும்போது கைபட்டு 115க்குப் போயிருந்தால், நமது 230 வோல்ட் மின்சாரம் உள்ளே போன கணமே வெடிச் சத்தத்துடன் பவர் சப்ளை போய்விடும்.

வன்னியில் மின்கம்பிகள் நெடுந்தூரம் ஓடி வருவதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. லைனின் கடைசி வீடுகளில், எல்லோரும் விளக்கும் மோட்டரும் போடும் மாலை நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கிவிடும். இந்தப் பவர் சப்ளைகள் ஏறத்தாழ 180 வோல்ட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. வயதானவை அதற்கு முன்பே திணறும். காலையில் இயங்கும் கணினி மாலையில் இயங்காவிட்டால் முதலில் பொயின்ற்றில் வோல்ட் அளக்கும் மல்டிமீற்றரை வைத்துப் பாருங்கள். புயல் மழைக்குப் பிறகு அயலில் பல வீடுகளில் பல்ப் அளவுக்கு மீறிய வெளிச்சத்துடன் எரிந்து போயிருந்தால், கம்பத்தில் நியூற்றல் கம்பி அறுந்திருக்கக்கூடும். அந்நிலையில் ஒரு வீட்டுக்கு 230ஐ விட மிக அதிகமான வோல்ட்டேஜ் வரலாம். மின் விநியோகம் செய்பவர்கள் வந்து சரிசெய்யும்வரை எதையும் பிளக்கில் போடக் கூடாது.

உங்கள் பெட்டிக்கு வருவோம். பிளக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். பச்சை விளக்கு மங்கி அணையும். அது அணைந்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும். பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதி ஒன்றைத் தொட்டுக்கொண்டால் உடம்பில் உள்ள நிலைமின்னும் இறங்கிவிடும். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் வீதிப் புழுதி முழுவதும் இந்தப் பெட்டிகளுக்குள்தான் வந்து சேர்கிறது. மாரியில் அந்தப் புழுதி ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். காய்ந்த மென்மையான பெயின்ற் பிரஷ்ஷால் துடைத்தெடுங்கள், ஈரத் துணி வேண்டாம். எறும்புப் புற்று, பல்லி முட்டை, பவர் சப்ளையின் காற்றுத் துளைக்குள் கருகிய பல்லி, எல்லாமே நம் ஊரில் நடப்பவைதான்.

துடைத்த பிறகு, கணினியின் மூளையான புரொசெசருக்கு அருகே நிற்கும் சிறிய உருளை வடிவக் கப்பாசிற்றர்களை ரோர்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அவற்றின் உச்சியில் சிலுவை போலவோ ஆங்கிலக் கே எழுத்துப் போலவோ மெல்லிய கீறல் இருக்கும். நல்ல கப்பாசிற்றரின் உச்சி தட்டையாக இருக்கும். கெட்டது சற்றே மேடாகப் புடைத்திருக்கும். சிலவற்றில் அந்தக் கீறல் வழியே கபில நிறப் பசை கசிந்து காய்ந்து பொருக்காக நிற்கும். ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை வந்த மதர்போர்டுகள் பலவற்றில் தரம் குறைந்த கப்பாசிற்றர்கள் போடப்பட்டதால் உலகம் முழுவதும் இந்தப் பழுது வந்தது. உங்களுடையது அந்த வயதுடையதாக இருந்து, இரண்டு மூன்று புடைத்தும் இருந்தால், இடியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஈயப் பற்று வைக்கத் தெரிந்த வானொலி, தொலைக்காட்சி திருத்துநர் ஒருவரால் அவற்றை மாற்ற முடியும். அதே மைக்ரோபராட் அளவு, அதே அல்லது சற்றுக் கூடிய வோல்ட் அளவு, வெப்பம் 105 பாகை என்று எழுதியிருப்பது, குறைந்த ஈஎஸ்ஆர் வகை என்று கேட்டு வாங்க வேண்டும். மறைப் (மைனஸ்) பக்கம் மாறக் கூடாது.

பார்வைக்கு எதுவும் தெரியாவிட்டால் முன்பக்கப் பொத்தானைச் சோதியுங்கள். அதிலிருந்து வரும் மெல்லிய இரண்டு வயர்கள் மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் மாட்டப்பட்டிருக்கும், பக்கத்தில் பவர் சுவிட்ச் என்பதற்கான சுருக்கம் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். வயரை எடுத்துவிட்டு, பிளக்கை மீண்டும் போட்டு, திருப்புளியின் முனையால் அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஒரு விநாடி தொடச் செய்யுங்கள். கணினி இயங்கினால் பழுது பொத்தானில்தான். உடனே திருத்த முடியாவிட்டால் ரீசெற் பொத்தானின் வயரை அந்த ஊசிகளில் மாட்டி, அதையே பவர் பொத்தானாகப் பாவிக்கலாம். பொத்தான் உள்ளே சிக்கி நின்றால் வேறு விதமாகக் காட்டும்: கணினி இயங்கி ஏறத்தாழ நான்கு விநாடியில் அணையும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணைக்க வேண்டும் என்பதுதான் மதர்போர்டுக்கு உள்ள கட்டளை.

மின்னல் கரண்ட் கம்பியால் மட்டும் வருவதில்லை. தொலைபேசிக் கம்பி வழியாக றூற்றருக்கும், அங்கிருந்து இணைய வயர் வழியாகக் கணினிக்கும் வரும். இணைய வயர் மாட்டும் துவாரத்துக்குப் பின்னால் உள்ள சிப்பில் கருகலோ வெடிப்போ தெரிகிறதா என்று பாருங்கள். தனி நெற்வேர்க் கார்ட்டோ பழைய மொடெம் கார்ட்டோ பொருத்தியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு மீண்டும் முயலுங்கள். அந்தக் கார்ட் ஷோட்டானால் பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இயங்க மறுக்கும், கார்ட்டை எடுத்ததும் கணினி எதுவுமே நடக்காததுபோல் இயங்கும்.

இன்னும் இயங்காவிட்டால் எல்லாவற்றையும் கழற்றுவதுதான் வழி. பிளக்கை எடுத்துவிட்டு ஹார்ட் டிஸ்க், சிடி டிரைவ், எல்லாக் கார்ட்டுகள், எல்லா யூஎஸ்பி வயர்கள் ஆகியவற்றை அகற்றுங்கள். புரொசெசரும் அதன் விசிறியும் ஒரேயொரு ராமும் மிஞ்சட்டும். ராமைக் கழற்றும்போது அதன் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, இரண்டு பக்கக் கொளுவிகளும் 'டக்' என்று பூட்டும்வரை நேராக அழுத்துங்கள். நமது ஈரக் காற்றில் அந்தக் கால்கள் மங்கிப்போவதால், இந்தத் தேய்ப்பு ஒன்றினாலேயே எழும்பிய கணினிகள் ஏராளம். விசிறி சுழன்றும் திரை கறுப்பாக நிற்கும் கணினியில் நான் முதலில் செய்வதும் இதைத்தான். விசிறி ஒருமுறை துடித்து நின்றால் எங்கோ ஷோட் இருக்கிறது. அப்போது புரொசெசருக்கு அருகே மாட்டியுள்ள நான்கு துளைச் சிறு இணைப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கணினியை இயக்கிப் பாருங்கள். விசிறி தொடர்ந்து சுழன்றால் ஷோட் புரொசெசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் உள்ளது.

மதர்போர்ட் உயிரோடு இருக்கிறதா என்று அறிய நல்ல வழி, ராமே இல்லாமல் இயக்குவது. விசிறி சுழன்று, பெட்டிக்குள் உள்ள சிறிய ஸ்பீக்கரிலிருந்து 'பீப்' ஒலி திரும்பத் திரும்ப வந்தால், மதர்போர்டும் புரொசெசரும் வேலை செய்து ராமைத் தேடுகின்றன என்று அர்த்தம். கடைக்காரர் சொன்னது பிழை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. ஒலிகளின் பொருள், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயோஸை ஆக்கிய நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவோர்ட் நிறுவனத்தின் பயோஸில் நீண்டது ஒன்றும் குறுகியது இரண்டும் வந்தால் படம் காட்டும் பகுதியில் குறை. நீண்ட ஒலி விடாமல் வந்துகொண்டிருந்தால் பெரும்பாலும் ராம். ஸ்பீக்கர் இல்லாத பெட்டிகளும் உண்டு, ஒலி வராததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

எல்லாம் கழற்றியும் அசைவே இல்லையென்றால் பவர் சப்ளையைத் தனியே சோதிக்க வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு, மதர்போர்டிலிருந்து அதன் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். 20 அல்லது 24 துளை கொண்ட பெரிய இணைப்பில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, பச்சைத் துளையையும் ஏதாவதொரு கறுப்புத் துளையையும் அதனால் இணைத்து வையுங்கள். பழைய சிடி டிரைவ் ஒன்றைச் சுமையாக மாட்டுங்கள். கணக்குகள் உள்ள ஹார்ட் டிஸ்கை இந்தச் சோதனைக்கு ஒருபோதும் மாட்ட வேண்டாம். இப்போது பிளக்கைப் போட்டால் பவர் சப்ளையின் விசிறி சுழல வேண்டும். மல்டிமீற்றரை டீசியில் வைத்துக் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரை இருந்தால் சரி. ஊதாவில் 5 வோல்ட் எப்போதும் இருக்கும், உங்கள் பச்சை விளக்கை எரிய வைப்பது அதுதான். விசிறி சுழலாவிட்டாலோ அளவுகள் இந்த எல்லைக்கு வெளியே நின்றாலோ பவர் சப்ளையை மாற்றினால் போதும். இடி மழைக்குப் பின் வரும் பழுதுகளில் இதைத்தான் அதிகம் காண்கிறேன், உங்களுடையதும் அதுவாகவே இருக்கும் என்பது என் எண்ணம். அளவுகள் சரியாக இருப்பதை மட்டும் வைத்து அதை முழுவதும் நம்பிவிட வேண்டாம், சுமை கூடும்போது விழுந்துவிடுகிற பவர் சப்ளைகளும் உண்டு. முடிந்தால் பாடசாலையிலோ தெரிந்தவரிடமோ வேறொன்றை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள்.

பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. உள்ளே உள்ள பெரிய கப்பாசிற்றர்கள் ஏறத்தாழ 325 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது ஆளைக் கொல்லப் போதுமானது. பியூஸை மாற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னாலும் இளைஞர்கள் அதில் கை வைக்க வேண்டாம். பியூஸ் போயிருந்தால் அதற்குப் பின்னால் வேறொன்று போயிருக்கும்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல் ஒப்டிபிளெக்ஸ், எச்பி கொம்பாக் கணினிகளே நம் பக்கத்தில் பலரிடம் இருக்கின்றன. ஒடுக்கமான பெட்டி என்றால் அதன் பவர் சப்ளை வேறு வடிவம், சாதாரண ஏடிஎக்ஸ் அதற்குள் போகாது. வாங்கப் போகும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில டெல் கணினிகளில் வயர் ஒழுங்கே வேறு, அவற்றில் மற்றப் பவர் சப்ளையை மாட்டினால் மதர்போர்ட் எரியும். ஒப்டிபிளெக்ஸில் பொத்தான் விளக்கு செம்மஞ்சளாக நின்றால் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது, உள்ளே ஏதோ தடுக்கிறது என்று எடுத்துக்கொண்டு மேலே சொன்ன கழற்றும் வேலைக்குப் போகலாம்.

மதர்போர்டில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் பளபளக்கும் பற்றறியின் பெயர் சிஆர் 2032, அது 3 வோல்ட். 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றுங்கள், கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். அது செத்தால் கணினி திகதியை மறந்து பல வருடங்கள் பின்னால் போய்விடும், இணையத்தளங்கள் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை என்று மறுக்கும், தொடக்கத்தில் எஃப்1 அழுத்தச் சொல்லும். பற்றறியைச் சில நிமிடம் கழற்றி வைத்து பயோஸ் அமைப்புகளை அழிப்பதாலேயே சில கணினிகள் எழும்பும். ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. அமைப்புகள் அழியும்போது, ஹார்ட் டிஸ்கோடு கணினி தொடர்புகொள்ளும் சாற்றா முறை ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஈக்கோ மறுபக்கமோ மாறிவிடலாம். அப்போது விண்டோஸ் தொடங்கி, 7பி என்று முடியும் இலக்கத்துடன் நீலத் திரையில் நின்றுவிடும். பலர் இதைக் கண்டதும் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று டிஸ்கை அழித்துவிடுகிறார்கள். பயோஸுக்குள் போய் அந்த ஒரு அமைப்பைத் திரும்ப மாற்றினால் எல்லாம் பழையபடி வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சில விநாடி இயங்கி அணைந்தால் புரொசெசரின் வெப்பத் தட்டைப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் கால் ஒன்று கழன்றிருக்கலாம், நடுவே உள்ள வெப்பப் பசை காய்ந்து தூளாகியிருக்கலாம். தனி விடியோ கார்ட் உள்ள கணினியில் மொனிற்றர் வயரை மதர்போர்டின் துவாரத்தில் மாட்டினால் பெரும்பாலும் படம் வராது. இயங்குதளம் இல்லை என்று எழுத்து வந்தால் மாட்டி மறந்த பென்டிரைவை முதலில் கழற்றுங்கள்.

எவ்வளவு செலவழிக்கலாம் என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. பொத்தான், பற்றறி, ராம், பவர் சப்ளை என்றால் தயங்காமல் மாற்றுங்கள். மதர்போர்ட்தான் என்று சோதனையில் உறுதியானால், டிடிஆர் 2 எனும் பழைய வகை ராம் போடும் கணினிக்கு இன்னொரு பழைய மதர்போர்ட் தேடி அலைய வேண்டாம். அதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்துப் பிற்காலத்துப் பாவித்த கணினி ஒன்றை எடுத்து, உங்கள் ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்புகளை அதற்கு மாற்றுவது நல்லது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பித்தல் 2020 ஜனவரியில் நின்றுவிட்டது. பணமும் பெயரும் உள்ள அமைப்புக் கணக்கை அந்த இயங்குதளத்தில் இணையத்தோடு வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வானம் கறுத்து முழங்கத் தொடங்கும்போதே கரண்ட் பிளக்கையும் இணைய வயரையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் அணைப்பது மின்னலுக்குத் தடையில்லை. கட்டடத்தின் எர்த் கம்பி உண்மையில் நிலத்துக்குள் போகிறதா, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். கணினி எழும்பிய அன்றே உறுப்பினர் பட்டியலையும் கணக்கையும் இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றைப் பொருளாளர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

தம்பி, திருப்புளிச் சோதனையையும் ராம் இல்லாத சோதனையையும் செய்துவிட்டு, விசிறி அசைந்ததா, பீப் வந்ததா என்பதை எழுதுங்கள். பவர் சப்ளையை அளந்தால் நான்கு நிறங்களின் அளவையும், மதர்போர்டில் அச்சிட்டிருக்கும் மாதிரி இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அவை கிடைத்தால் எந்தப் பாகம் வாங்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். அதுவரை கடையில் எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.